நகக்கண்

லோட்டிக்குப் பதினெட்டு நகம்.
அதில் பதினாறு கறுப்பு.
வெள்ளை நகமென்றால்
உள்ளே ஓடும் ரத்தம் இளஞ்சிவப்பாய்த் தெரிந்துவிடும்.
கறுப்பில் எதுவும் தெரியாது.
அரிசிமணி அளவு வெட்டிப் பார்க்க வேண்டும்,
பிறகு இன்னோர் அரிசிமணி.
வெட்டிய முகத்தின் நடுவே
சாம்பல் புள்ளி எழுந்தால் நிறுத்திவிட வேண்டும்.
அதற்கப்பால் நகக்கண்.

ஒருமுறை தவறிற்று.
சோளமாக் கிண்ணத்தில் பாதத்தை அமுக்கிப் பிடித்தேன்.
அலறியது நாயில்லை,
தவநேசன்.
உணவகத்தில் இருபத்தாறு வருஷம்
வெங்காயம் அரிந்த கை அவருடையது.
நகவெட்டியைக் கண்டால் மட்டும் நடுங்கும்.
டோர்ச் பிடிப்பார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.
வெளிச்சம் சுவரில் விழும்.

கீழ்வீட்டு ரெட்டோ நோர்வேக்கு வேலைக்குப் போகையில்
"மூன்று மாதம்தான்" என்று விட்டுப் போனான்.
இது ஐந்தாவது குளிர்காலம்.
ஒரு சீப்பு, ஒரு துவாய், அரைப்பக்கக் குறிப்பு.
கடைசி வரிக்கு அடிக்கோடு:
காதுகளை மறக்க வேண்டாம்.
மறக்கவில்லை, ரெட்டோ.
காதுக்குப் பின்னால் மயிர் கம்பளியாய்த் திரளுமென்று
நீதான் எழுத மறந்தாய்.

புர்க்டோர்ஃப் தெருக்களில் உப்புப் போட்டிருக்கிறார்கள்.
வாசலிலேயே இளஞ்சூட்டு நீர் வாளி.
விரலிடுக்கில் ஒட்டிய உப்பை
ஒவ்வோர் இடுக்காய்க் கழுவி, துடைத்து, வாசலின் பூசி.
சலவையறை வடிகட்டியில் ஒற்றை நாய்மயிர் கிடந்தாலும்
மேல்வீட்டு கெர்பர் அம்மா அறிவித்தல் ஒட்டிவிடுவார்,
மரியாதையான சொற்களில்,
மூன்று ஆச்சரியக்குறியோடு.
இரவில் பல் துலக்கல்.
வெள்ளிக்கிழமை விரதத்திலும்
என் ஆள்காட்டி விரலில்
கோழிக்கறி வாசப் பற்பசை.
முருகன் பொறுப்பார்,
அவர் வீட்டிலும் மயில் இருக்கிறது.

பெப்ரவரி, ஞாயிறு.
மல்லாந்து கிடந்தாள், கால் நாலும் ஆகாயத்தில்.
வயிற்றுப் பக்கம் சீவிக்கொண்டு வந்தேன்.
நாலாவது காம்பருகே
ஒரு பயறு.
ஊறாத பயறு.
சீப்பு நின்றது.
மறுபடி தொட்டேன். அங்கேயேதான் இருந்தது.
லோட்டி என் முகத்தைப் பார்த்தாள்,
ஏன் நிறுத்தினாய் என்று.

மிருக வைத்தியர் ஏபிஷர் என் மகள் வயதுக்காரி.
அளவுகோலை வைத்து "ஏழு மில்லிமீட்டர்" என்றாள்.
"யார் கண்டது?"
"நான். சீவும்போது."
"எத்தனை நாளைக்கொருமுறை சீவுவீர்கள்?"
"தினமும்."
எதையோ எழுதிக்கொண்டு, நிமிராமல்,
"பாதிப் பேர் எலுமிச்சங்காய் அளவில்தான் வருவார்கள்" என்றாள்.

வெட்டியெடுத்தார்கள். விளிம்பு சுத்தம் என்று
ஆய்வுகூடத்திலிருந்து எழுதியிருந்தார்கள்.
அந்தக் காகிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மாட்ட
பீட்சாக் கடைக் காந்தத்தை நகர்த்தியபோது
அடியில் ஒரு கடிதம்.
ஒக்டோபரில் கன்டோனிலிருந்து வந்தது.
என் பெயரில் இரண்டு எழுத்துப் பிழை.
ஐம்பது நிறைந்தமைக்கு ஒரு வாழ்த்துப் போல,
மார்பகப் படம் எடுக்க அழைப்பு.
அதன் முதுகில்தான்
லோட்டியின் தடுப்பூசித் தேதியைக்
குறித்து வைத்திருக்கிறேன்.

அன்றிரவு குளியலறைக் கதவைச் சாத்தினேன்.
கண்ணாடி பார்க்கவில்லை.
இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி
வலது கையின் மூன்று விரலால்,
அரிசிமணி அளவு,
இன்னோர் அரிசிமணி.
என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை,
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
கறுப்பு நகம்.
வெளியே லோட்டியின் பிளாஸ்டிக் கூம்பு
கதவில் இடித்தது. டொக்.
பொறுத்து, மறுபடி டொக்.
"உள்ளே என்ன செய்கிறாய்?" என்றார் தவநேசன்.
"தலை சீவுகிறேன்" என்றேன்.

காலையில் தொலைபேசினேன்.
ஜெர்மனுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது.
பியானோ இசை ஓடி முடியும்வரை
லோட்டியின் நெற்றியைக் கோதிக்கொண்டிருந்தேன்.
வியாழன், பத்தேகால்.
அன்று எட்டரைக்கு அவளுக்குத் தையல் பிரிக்கிறார்கள்.
தவநேசன் லீவு சொல்லிவிட்டார்.
இரண்டுக்கும் ஒரே பேருந்துதான்.
நாய்க்கும் டிக்கட் எடுக்க வேண்டும்.