நிழற்குடை

இரவு முழுக்க நிரல் ஓடியது.
இருநூற்றுப் பதினான்கு வகைப் பலகைகளை
மூன்றாய்ச் சுருக்கிவிட்டுக் கிடந்தது காலையில்.

வின்னிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
ஷெர்புரூக் தெருப் பேருந்துக்கு ஒரு நிழற்குடை
(நிழலை இங்கே யார் கேட்டார்கள்?)
பனிச்சுமை, காற்றுச்சுமை, போல்ட் கணக்கு
எல்லாம் சரி.
இருக்கையைத்தான் காணோம்.

எதையும் தாங்காத உறுப்பு,
நீக்கப்பட்டது என்கிறது அறிக்கை.

பட்டறையிலிருந்து ஒலேனா கேட்டாள்:
"அப்போ நாற்பது நிமிஷமும் நிற்கணுமா?"

வாதாட அதற்குக் காது கிடையாது.
சுமைப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன்:
எழுபத்திரண்டு கிலோ,
இரவுப் பணி முடிந்த ஆஸ்பத்திரி ஆள்,
மடியில் பை,
பையில் காலி டிபன் டப்பா.

கிலோவை மட்டும் எடுத்துக்கொண்டது.
மறுபடி ஓடியது.

நான்காவதாக ஒரு துண்டு முளைத்தது,
முழங்கால் உயரத்தில்.