முப்பத்தேழாம் அளவு

டண்டினோங்கில், டயர்க் கடைக்குப் பக்கத்துக் கடை.
நடக்கவா, ஓடவா என்று அவன் கேட்கவில்லை.
"எந்தப் பக்கம் விழுவீர்கள்?" என்றான்.

ஒருமுறை விழுந்திருக்கிறேன்,
பெற்றோல் செட்டில், நின்ற நிலையில்,
எல்லோரும் பார்க்க.
"இடப்பக்கம்" என்றேன்.
சிரிக்காமல் ஏணியில் ஏறினான்.

பெர்த் வரைக்கும் மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர்.
பெண்களுக்கென்று இருந்த தட்டில் மூன்றே சோடி,
ஒன்றில் ஊதாப் பூ.
முப்பத்தேழாம் அளவு என்றால்
சிறுவர் பகுதியைக் கைகாட்டுகிறார்கள்.

யமஹாவின் இருக்கைக்கும் நிலத்துக்கும் இடையில்
நான் இரண்டு விரற்கடை குறைவு.
குதி உயர்ந்தால் நிலம் எட்டும்.
அடி தடித்தால் கியர் எங்கே என்று கால் தடவும்.
கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் சப்பாத்தில்
பின் பிரேக், வருடத்துக்கு ஒருமுறை
தொலைபேசும் சொந்தக்காரர் மாதிரி.

கறுப்பில் ஒன்று கொண்டுவந்தான்.
முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை,
மூன்று பூட்டு, மூக்கில் இரும்பு.
"கடையில் இதுதான் திறம்."
கறுப்பு வேண்டாம் என்றேன்.
ஏன் என்று கேட்டான்.
யோகராணி கேட்கவில்லை. வாசலில் நின்று
ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்,
துடைத்த இடத்தையே.

மண்ணிறம். முந்நூற்றுத் தொண்ணூறு டொலர்.
இரண்டு கிழமை அதைப் போட்டுக்கொண்டு
சோறு வடித்தேன், குப்பை வாளி இழுத்தேன்,
மகனின் கணக்கு ரீச்சரோடு கதைத்தேன்.
கடித்தது.
கடித்த இடத்தில் பிளாஸ்டர், அதன்மேல் காலுறை,
அதன்மேல் இன்னொரு காலுறை,
பிறகு கால் போகவில்லை.

"பாட்டாவையும் கொண்டு வா" என்றாள் யோகராணி.
பையின் வெளியே கட்டிய ஆறு டொலர் பாட்டா
அடிலெய்ட் தாண்டி, போர்ட் ஒகஸ்டா தாண்டி
முதுகுக்குப் பின்னால் படபடத்துக்கொண்டே வந்தது.

செடூனாவுக்கு இந்தப்பக்கம் மழை.
தண்ணீர் புகாது என்று எழுதியிருந்த சப்பாத்து
புகுந்த தண்ணீரை வெளியேயும் விடவில்லை.
அடுத்த நாளுக்கு இரண்டு றாத்தல் பாண் வாங்கினோம்,
பாணுக்காக இல்லை, அதன் பைகளுக்காக.

அன்றிரவு, வண்டியைப் பூட்டினேனா என்று
பார்த்துவிட்டுத் திரும்பினேன்.
விடுதியின் பலகை நடைவழி.
எனக்குப் பின்னால் சப்பாத்துக் கால்கள்,
கனத்து, அவசரமே இல்லாமல்.
நின்றேன்.
அவையும் நின்றன.
எங்கேயோ ஒரு குளிர்சாதனப் பெட்டி இரைந்தது.
ஓரடி வைத்தேன்.
ஓரடி வைத்தது.

முப்பது வருடம் இருக்கும், அந்தச் சத்தம் கேட்டு.
இப்போது அது என் அளவில்,
உள்ளே விரல்கள் ஊறின சவ்வரிசியாய்.

குனிந்து கழற்றினேன்.
இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு
ஈரக் காலுறையோடு அறைக்குப் போனேன்.
யோகராணி நித்திரையில்லை.
"ஆரது?"
"நான்தான்."
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"லைட்டைப் போடு" என்றாள்.

மாநில எல்லையில் பழமும் தேனும் தேடுகிற அதிகாரி
சப்பாத்தின் அடியைத் திருப்பச் சொன்னாள்.
பள்ளங்களுக்குள் நெருஞ்சி, மூன்று.
அதே கொம்பு, அதே பிடிவாதம்.
அவள் வேறு பெயர் சொன்னாள்.
சின்னக் குறட்டால் பிடுங்கி உறையில் போட்டு
உறையின்மேல் திகதி எழுதினாள்.
பாட்டாவின் அடியில் இன்னும் எட்டு.
அதற்கு ஒரு புது உறை எடுத்தாள்.

இன்னும் ஆயிரத்து நானூறு.
இடது சப்பாத்தின் மூக்கில்
கியர் தேய்த்த தழும்பு விழுந்துவிட்டது.
கையசைத்து, வண்டியைத் திருப்பினேன்.
சரளைக் கல்.
தூக்கிவிட மூன்று பேர் ஓடிவந்தார்கள்.
இருநூறு கிலோ இரும்புக்கு அடியிலிருந்து
கால் முழுசாக வெளியே வந்தது.

வலப்பக்கம்.
கடைக்காரனுக்குப் பொய் சொல்லிவிட்டேன்.