மாறாத வருஷம்

லாங் பஜார், கேவல்சந்த் கடை.
உடைந்த கொலுசுகளுக்கு நடுவே கிடந்தாள்
கழுத்து தடித்த மகாராணி.
உருக்க எடுத்துவைத்த தட்டு அது.
"எந்த நாடோ, யார் கண்டது?
வெள்ளி விலைக்கே எடுத்துக்கோ சார்."
முகத்தில் எதையும் காட்டாமல்
அதற்கும் பேரம் பேசினேன், பாவி.

மறுநாள் ராணிப்பேட்டை.
தோல் ஷாப் லேபில் குரோமியம் நிறுக்கும் தராசில்
யாரும் பார்க்காதபோது ஏற்றினேன்.
இருபத்தெட்டு கிராமுக்கு ஓர் இழை குறைவு.
தேய்மானம் போக, அசல்.

ஆயிரத்து எழுநூற்று எண்பது என்று போட்டிருக்கிறது.
ராணி செத்த வருஷமும் அதுதான்.
அப்புறமும் அச்சுச்சாலைகள்
அதே முகம், அதே வருஷம்
அடித்துக்கொண்டே இருந்தன.
செங்கடல் பக்கத்து வியாபாரிகளுக்கு
பழகிய முகம்தான் காசு.
என்னிடம் இருப்பவள்
செத்து எத்தனையாவது வருஷத்தில் பிறந்தவளோ.

அடித்த அன்று பளபளத்திருப்பாள்.
இங்கே சுண்ணாம்புக் குழிக் காற்று.
முதலில் கன்னத்தில் மஞ்சள் பூசிக்கொண்டாள்,
பிறகு நீலம்,
இப்போது கறுப்பு.
தேய்த்தால் மதிப்பு போய்விடும்
என்பது சேர்ப்பவர்களின் வேதம்.
பல்பொடியோடு வந்த தாட்சாயணி
என் முகத்தைப் பார்த்துவிட்டு
தன் மெட்டியை மட்டும் தேய்த்துக்கொண்டு போனாள்.

நேற்று கேட்டில் அட்டையை நீட்டினேன்.
காவலுக்குப் புதிதாக வந்த பையன்
படத்தையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்தான்.
வேலைக்குச் சேர்ந்த வருஷத்துப் படம்.
மீசைகூடச் சரியாக வரவில்லை.
"உங்களோடதுதானா சார்?"

நிறுத்துப் பார் தம்பி, என்றேன்.