ஐஸ் உறையும் திசை

ஐஸ் வெளியிலிருந்து உள்ளே வளரும்.
தகரப் பெட்டியின் சுவரோரம் முதலில் உறைந்து
நடுவை நெருக்கிக்கொண்டே போகும்.
நீரில் இருந்த அழுக்கும் காற்றும்
ஒதுங்க இடமின்றி அங்கே போய்ச் சேரும்.
அவசரப்படுத்தினால் நடு வெளுக்கும்.
வெளுத்தது சீக்கிரம் உடையும்.

மெஷின் ஓட்டும் ஒச்சோலா சொன்னது இது.
நான் கணக்கு எழுதுகிறவன்,
ஹோமா பே ஏரிக்கரையில், அகேயோவின் ஆலையில்.
என் புத்தகத்தில் இதற்குப் பத்தி இல்லை.

நாளுக்கு நூற்றெண்பது கட்டி.
விடியுமுன் படகுகள் வாங்கிப் போய்விடும்.
எட்டு மணிக்கு வருகிறவன் வெறுங்கையோடு போவான்.
"திரும்பிப் போகிற ஒவ்வொருவனும் என் பணம்"
என்றாள் அகேயோ ஒருநாள்.
அன்றைக்குப் பிடித்தது.

நைரோபியிலிருந்து ஆலோசகர் வஞ்சோகி வந்தார்.
தாள் தாளாக அம்புக்குறி வரைந்தார்.
எல்லா அம்பும் மேலே பார்த்தன.
அவர் சாப்பிட்ட பொரித்த மீனை
இதர செலவில் எழுதினேன்.

கிசுமுவின் ஏற்றுமதிக் கம்பெனி
தினமும் நூறு கட்டி கேட்டது.
விலை கொஞ்சம் குறைவு, பணம் அறுபது நாளில்.
மத்தியானத்துக்குள் சரக்கு தண்ணீராகும் தொழிலில்
அறுபது நாள் எவ்வளவு நீளம் என்று
கோட்டுப் போட்டவர்களுக்கு யார் சொல்வது?
ஒரே வாடிக்கையாளர், வசூலுக்கு அலைய வேண்டாம் என்றார்கள்.
மெய்தான். அலையவில்லை.
உட்கார்ந்த இடத்தில் காத்திருந்தோம்.

பிறகு ம்பிட்டாவில் ஒகுமுவின் ஆலை விலைக்கு வந்தது.
புதிதாகக் கட்டுவதில் மூன்றில் ஒரு பங்குதான்.
வங்கியில் கையெழுத்துப் போட்டோம்.
வட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது,
மீன் படாத வாரம் கிடையாது.
ஆலையோடு சேர்ந்து வந்தவை:
இருமுகிற கம்ப்ரஸர்,
மூன்று மாத மின்பாக்கி,
ஒகுமுவின் மைத்துனர்கள் இருவர்,
முப்பத்தாறு வாடிக்கையாளர்கள்.
அந்த முப்பத்தாறு பேரும்
அகேயோவோடு சண்டை போட்டுக்கொண்டுதான்
ஒகுமுவிடம் போனார்கள் என்பது
பத்திரத்தில் எங்கும் இல்லை.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன்.
உப்பும் அம்மோனியாவும் மொத்தமாக வாங்கியதில்
எட்டில் ஒன்று மிச்சம்.
இந்தக் கரையில் மீன் இல்லாத நாளை
அந்தக் கரை தாங்கியது.
ஒச்சோலாவின் சம்பளம் ஏறியது, மகள் நர்சிங் படிக்கிறாள்.
வரவில் இருக்கிறது எல்லாம். மறைக்கவில்லை.

ஒரு தடவை எடுத்த இடத்தில்
நாளுக்கு இரண்டு தடவை கட்டி எடுத்தோம்.
ஒச்சோலா ஒன்றை உடைத்து
என் மேசைமேல் வைத்தான்.
நடுவில் பால் மாதிரி.
லெட்ஜர் நனைகிறது என்றேன்.

ஜூலையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை.
ஜெனரேட்டர் ஒன்று, ஆலை இரண்டு.
"எது பெரிய நஷ்டம்?" என்று போனில் கேட்டாள்.
கம்பெனியின் அபராதம் ஒரு பக்கம்,
கரையில் நிற்கும் படகுகள் மறு பக்கம்.
எண்ணைப் பார்த்துச் சொல்கிறவன் நான்.
எண்ணைப் பார்த்துச் சொன்னேன்.
ஐஸ் முழுக்க கிசுமுவுக்குப் போனது.

மீன் விற்கும் அலுவோச்
காலையில் இரண்டு கட்டி கடன் சொல்லி எடுத்து
சாயங்காலம் தவறாமல் கொடுப்பவள்.
அன்று அவள் பலகையில்
மீனின் கண்கள் கலங்கிப்போயின.
அதற்கு எந்தத் தலைப்பில் எழுதுவது?

இப்போது கரையின் கோடியில்
சகரியா என்று ஒரு பையன்
பழைய குளிர்சாதனம் ஒன்றை ஒட்டவைத்து
நாளுக்கு நாற்பது கட்டி போடுகிறான்.
அலுவோச் அங்கேதான் வாங்குகிறாள்.
நாங்கள் ஆரம்பித்தபோது முப்பத்தைந்து.

நேற்று ஒச்சோலா அவன் கட்டி ஒன்றை
சாக்கில் சுற்றி எடுத்துவந்தான்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம்.
அந்தப் பக்கம் நின்ற படகின் பெயரை
இந்தப் பக்கமிருந்து படிக்க முடிந்தது.

அகேயோ வெகுநேரம் அதையே பார்த்தாள்.
விரலால் தொட்டாள். ஈரத்தைப் பாவாடையில் துடைத்தாள்.
"இவனை வாங்க
எவ்வளவு ஆகும்?" என்றாள்.

பேனாவின் மூடியைத் திறந்தேன்.