நாலாம் பை

லாங்கென்டால் சலவை ஆலையில்
இரண்டாம் இலக்க உருளைக்கு முன்னால்
ஒரு சிவப்புச் சட்டம் உண்டு.
விரல் போய் முட்டினால் உருளை நிற்கும்.
விரல்தான் என்றில்லை,
மடிந்த விரிப்பின் தடித்த மூலை முட்டினாலும் நிற்கும்.
திரும்ப ஓட நாற்பது நொடி.
மணித்தியாலத்துக்கு நூற்றைம்பது விரிப்பு.
கணக்குப் பார்த்தால் விளங்கும்
அந்தச் சட்டத்துக்கு ஏன் வாய் கட்டினோம் என்று.

ஆர் முதலில் கட்டியது?
நான் வேலைக்குச் சேர்ந்தபோதே
ஒரு மண்ணிற ஒட்டுநாடா இருந்தது,
ஓரம் சுருண்டு, நூல் பிரிந்து.
வெக்கையில் பசை விடும்.
பசை விட்டால் மெசின் நிற்கும்,
மெசின் நின்றால் எல்லாத் தலையும் திரும்பும்.
ஒரு தை மாத விடியலில்
மூன்றாம் தடவை தலைகள் திரும்பியபோது
நான் புதிதாய் ஒரு துண்டு கிழித்து ஒட்டினேன்.
சாம்பல் நிறம்.
குமிழி விழாமல் பெருவிரலால் நீவியும் விட்டேன்,
பள்ளிக்கூடக் கொப்பிக்கு உறை போடும் கவனத்தோடு.

மிர்யேத்தா வந்து ஒன்பது நாள்.
கொசோவோக்காரி.
பாதிச் சாப்பாட்டை எப்போதும் மூடி வைத்துவிடுவாள்.
அன்று சனிக்கிழமை, பனிச்சறுக்குப் பருவம்,
மலை ஹோட்டல்களின் விரிப்பு கூரைவரை.
அவளுடைய வலக்கை
விரிப்போடு விரிப்பாகப் போனது.
கத்தியது அவள் அல்ல, நான்.
அவசரப் பொத்தானை ஆர் அடித்ததென்று
இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது.
மறுபக்கத்தால் விரிப்பு வந்தது,
நல்ல சூடாக,
ஒரு சுருக்கமும் இல்லாமல்.

செவ்வாய்க்கிழமை பரிசோதகர் வந்தார்.
ரெகுலா என்று சட்டையில் பெயர்.
ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.
மழைக்கோட்டோடு முழங்காலில் இருந்து
நகத்தால் நாடாவை உரிக்கத் தொடங்கினார்.
சாம்பல். அதன் கீழ் கறுப்பு. பிறகும் கறுப்பு.
எங்கள் வேலைநேரங்கள் ஒவ்வொன்றாய்க் கழன்று வந்தன.
ஏழு.
எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நீலம்,
அதை எங்களில் ஆரும் கண்டதில்லை.
ஒவ்வொன்றையும் ஒரு பையில் இட்டு
இலக்கம் எழுதினார்.
நாலாம் பைக்குள்
என் பெருவிரல் இருந்தது.

ஹோஃபர் சொன்னார்:
விதிகள் சுவரில் தொங்குகின்றன,
எல்லாரும் கையெழுத்து வைத்தவர்கள்.
உண்மை. வைத்தோம்.
பதினொரு பக்கம் டொச்,
கடைசியில் பெயருக்கு ஆறு பெட்டி.
சுகிர்தம என்றதோடு இடம் முடிந்தது,
மலர் வெளியே நின்றது.

இரண்டு தரம் அவரிடம் போனவள் நான்,
சென்சர் பழுது, மாற்றித் தாருங்கள் என்று.
அவர் டொச்சில் சொன்னது
என் காதில் 'பொறு' என்று விழுந்தது.
பொறுப்பு என்ற சொல்லை நாங்கள்
அந்தப் 'பொறு'விலிருந்துதான் எடுத்தோமோ?
அவர் சொன்னார், நான் பொறுத்தேன்,
மிச்சத்தை மிர்யேத்தாவின் இரண்டு விரல்கள் பொறுத்தன.

ரெகுலா கேட்டது ஒரே ஒரு கேள்வி,
அதுவும் ஹோஃபரிடம்:
நாடா வாங்கியது யார்?
அலுமாரி திறந்தது.
பன்னிரண்டு சுருள், உறை பிரிக்காமல்,
ஆலையின் பெயரில் பற்றுச்சீட்டு.
துணி துவைக்க நாடா எதற்கு?

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம்.
போகவேண்டிய மேசைக்குப் பழி போய்விட்டது.
பக்கத்தில் நின்றவர்கள் மூச்சு விட்டது கேட்டது.
ஆனாலும் அந்த நாலாம் பை
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.
"நாலாவது என்ரை" என்றேன்,
முதலில் தமிழில், பிறகு அவருக்கு விளங்கும் மொழியில்.
அவர் தலை நிமிராமல் எழுதினார்.
ஏன் ஒட்டினீர்கள் என்ற இடத்தில் இரண்டு கோடு.
நான் நூற்றைம்பது என்று மட்டும் சொன்னேன்.
ஹோஃபர் ஜன்னலைப் பார்த்தார்.

விபத்துப் படிவத்தில் மிர்யேத்தா
இடக்கையால் ஒப்பம் வைத்தாள்,
கோழி கிளறியதுபோல்.
அதைக் கொண்டுபோனவள் நான்.
என் பையைப் பற்றி அவளுக்குச் சொன்னேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
பேனையை மூடித் தரும்படி நீட்டினாள்.

இப்போது சட்டம் புதிது. தொட்டால் நிற்கிறது.
இன்று பதினாறு தடவை நின்றது.
நாற்பது நொடியில்
பத்து விரலையும் நாலு தரம் எண்ணலாம்.
எண்ணுகிறேன்.