ஒட்டுகிற மண்

சோப்புக் கம்பெனி திருப்பியனுப்பிய பீப்பாயை
துமகூரு சாலை ஆலைக்காரர்
எங்கள் வாசலில் உருட்டிவிட்டுப் போனார்.
புங்க எண்ணெய். இரண்டு மழையில் நனைந்த விதை.
தொண்டையில் நிற்கும் காறல்.
காசு வேண்டாம், எடுத்துத் தொலையுங்கள் என்றார் கன்னடத்தில்.

கெட்டதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.
கெடக் கெடத்தான் எண்ணெய்
பிடித்த கையை விட்டு அமிலமாய்ப் பிரிகிறது.
காரம் சேர்த்து நாலு மணிநேரம் காய்ச்சினேன்.
பீன்யாவின் இரண்டாம் ஸ்டேஜ் முழுக்க
யாரோ எதையோ தீய்த்துவிட்ட வாசனை.
பக்கத்து லேத் பட்டறைப் பையன்
மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

சண்டூரிலிருந்து வந்த சேறு, செங்கல்பொடி நிறம்.
அதில் இரும்பு பாதி, மணல் பாதி.
தலை இரும்பைப் பற்றவேண்டும்,
வால் தண்ணீருக்கு அஞ்சிக் காற்றைத் தேடவேண்டும்,
கீழிருந்து குமிழி வரும்போது
கல்லையும் இழுத்துக்கொண்டு ஏறவேண்டும்.
காகிதத்தில் அவ்வளவுதான்.

சின்னக் குடுவையில் ஏறியது.
நூறு லிட்டர் தொட்டியில்
தயிர் திரிந்தமாதிரி வெள்ளைத் துணுக்குகள்.
நுரை இல்லை. இரும்பு அடியில் சும்மா கிடந்தது.
ஹெக்டே மேடம் எண்ணெயைத் திட்டினார்,
பிறகு ஆலைக்காரரை,
பிறகு, பெயர் சொல்லாமல், என்னை.

மூன்றாம் நாள் மதியம் கை கழுவும்போது பிடிபட்டது.
லைஃபே தேய்ந்ததே தவிர நுரைக்கவில்லை.
டேங்கர் தண்ணீர்! ஆயிரத்து இருநூறு அடி ஆழத்துச் சுண்ணாம்பு
இரும்புக்கு முன்னால் கைநீட்டி
என் எண்ணெயை வாங்கிக்கொண்டிருந்தது.

வாஷிங் சோடா. ஒரு குவளை, இன்னொரு அரைக் குவளை.
விசிறியை முடுக்கினேன்.
முதலில் ஒன்றுமில்லை.
அப்புறம் விளிம்பில் ஒரு செம்மை,
ரசம் பொங்குவதற்கு முன் வருமே, அதுபோல.
தொட்டி தளும்பத் தளும்பச் சிவப்பு நுரை.
தண்ணீரைவிட ஐந்து மடங்கு கனத்தது
வழித்தெடுக்க வழித்தெடுக்க வந்துகொண்டே இருந்தது.
எழுபத்தாறு சதவீதம்.
மேடம் இரண்டுமுறை கணக்குப் போட்டார்,
மூன்றாம்முறை என்னைப் போடச் சொன்னார்.

உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு உருண்டாலும்
ஒட்டுகிற மண்தான் ஒட்டும்.
சொன்னவர்கள் ஆளைப் பார்த்துச் சொன்னார்கள்.
மண்ணைக் கேட்டிருந்தால்
எந்தத் தண்ணீரில் என்று திருப்பிக் கேட்டிருக்கும்.

மெட்ரோவில் என் பக்கத்து இருக்கை
மெஜஸ்டிக் வரை காலி.
ஒரு பெண் உட்கார்ந்தாள், முகர்ந்தாள், எழுந்தாள்.
கையை விரித்துப் பார்த்தேன்.
ரேகைகளில் சண்டூர்.

அறையிலும் டேங்கர்தான்.
ரெஜினா வாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்,
ஷாம்பூ தலையில் பிசினாய்.
பையிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து
ஒரு சிட்டிகை வாளியில் போட்டேன்.
என்னடி அது என்றாள்.
கம்பெனி சொத்து என்றேன்,
கலக்கு.