பொய்ப்பல்

வொர்லண்டில், சர்க்கரை ஆலைக்கு எதிர்ச்சாரியில்
டார்லா ஆஸ்ட்ராண்டரின் பட்டறை.
மெழுகு, சாந்து, இளஞ்சிவப்பு அக்ரிலிக்.
இழுப்பறையில் நிறவாரியாகப் பல்வரிசைகள்:
எந்த வாய்க்கும் இன்னும் வாக்கப்படாத சிரிப்புகள்.

கானிஷ் இரிபார்ன் வந்தார்.
ஆடுகள் அறுநூறு, பற்கள் பூஜ்யம்.
அச்செடுக்கும் பசையால் அவர் வாயை அடைத்துவிட்டு
கடிகாரம் பார்த்தாள்.
பேசமுடியாத அந்த நான்கு நிமிடத்தில்தான்
சட்டைப்பையிலிருந்து புகையிலை டப்பாவை எடுத்தார்.

உள்ளே பஞ்சுக்கு நடுவில்
ஒரு தாடைத்துண்டு. மூன்று கடைவாய்ப்பல்.
காய்ந்த நாவல்பழக் கறுப்பு.

சன்னல் வழியே சிவப்பு மேடுகளைக் காட்டினார்.
விரல்களை நெளித்தார்: மழை.
குறுக்கே கோடிழுத்தார்: என் வேலிக்கு உள்ளேதான்.

பூதக்கண்ணாடியை இறக்கினாள்.
குமிழ் குமிழாய் மேடுகள். பன்றியோ?
பன்றி இல்லை.
முன்பல் தேய்ந்து தட்டையாகிவிட்டது,
கடைசிப்பல் புத்தம்புதுசு, ஒரு கீறல் இல்லை.
"சின்ன வயசுச் சாவு" என்றாள்.
அவர் வாயில் பசை இறுகிக்கொண்டிருந்தது.

லாரமியிலிருந்து கடிதம் வரப் பதினோரு வாரம்.
ஃபெனகோடஸ்.
ஆட்டளவு உடம்பு, நீள வால்,
காலுக்கு ஐந்து விரல், விரலுக்கொரு குட்டிக் குளம்பு,
நடுவிரல் மட்டும் சற்றே ஓங்கி,
பிறகு வரப்போகும் ஓட்டத்துக்கு
ஒத்திகை பார்ப்பதுபோல.
ஐந்தரைக் கோடி ஆண்டு. இங்கே அப்போது பனைமரமாம்.

பெயருக்குப் பொருளும் எழுதியிருந்தார்கள்:
ஏய்க்கும் பல்.

டார்லாவுக்குக் கோபம் வந்தது.
முப்பது வருஷம் பொய்ப்பல் செய்து பிழைப்பவள்,
பொய் எதுவென்று தெரியாதா?
இது மென்றது. விழுங்கியது. சேற்றில் விழுந்தது.
தான் பன்றியென்று யாரிடமும் சொன்னதில்லை.
பார்த்தவன் கண் தடுமாற,
பழி பல்லின்மேல்.
மறுத்துப் பேச மிச்ச வாயும் இல்லை அதற்கு.

பல்செட் வாங்க வந்த அன்று
கடிதத்தைக் கானிஷ் கையில் கொடுத்தாள்.
"சத்தமாகப் படியுங்கள். புதுப்பல்லுக்குப் பயிற்சி."

அவர் எழுத்துக் கூட்டினார்.
ஃபெ. ன. கோ. ட...

கடைசி எழுத்து
மேல்வரிசைக்கும் நாக்குக்கும் இடையே நழுவி
நீண்ட சீழ்க்கையாய்ப் போனது.

வெளியே வண்டியின் பின்தட்டில்
தூங்கிக்கொண்டிருந்த நாய்
காதை நிமிர்த்தி, குதித்து இறங்கி,
சிவப்பு மேடுகளைப் பார்த்து நின்றது,
எந்த மந்தையை மடக்க வேண்டுமென்று
தெரியாமல்.